பழைய செயின் ஷாவில் பாருக்கு ஆயில் வரவில்லையா? வெளியிலிருந்து உள்ளே தேடும் முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் எங்கள் பட்டறைக்கு வருவதில் பெரும்பாலானவை கண்மாய்க்குள் சீமைக்கருவை அறுக்கும் மிஷின்கள்தான். கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுகிறவர்கள், செங்கல் சூளைக்கு லோடு ஏற்றுகிறவர்கள், தோப்பில் பட்ட மரம் எடுக்கிறவர்கள் என்று கொண்டுவருவார்கள். பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நீலம் பாய்ந்திருக்கும், செயின் புகையும், அரை மணிக்கு ஒரு தரம் செயினை இறுக்கவேண்டியிருக்கும்.

கல்லல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணே, ஆயில் பம்ப் போச்சு. புதுசு வாங்கியே வந்துட்டேன், மாட்டி மட்டும் குடுங்க" என்றார். பாரைக் கழற்றிப் பார்த்தேன். பாரில் இருக்கும் ஆயில் துளையில் கருவைத் தூளும் ஆயிலும் சேர்ந்து எள்ளுப் புண்ணாக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்தி எடுத்ததும் ஆயில் வந்துவிட்டது. பம்பில் கையே வைக்கவில்லை. வாங்கிய பம்பைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை.

அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள். கிளட்சையும் பம்பையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆயில் போகும் பாதை

ஆயில் டேங்கின் அடியில் ஒரு சின்ன பில்டர் கிடக்கும். அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாக ஆயில் பம்புக்குப் போகும். பம்பைச் சுற்றுவது வார்ம் கியர், அதாவது திருகு மரை போல் பல் வெட்டிய சின்னச் சக்கரம். பம்ப் தள்ளும் ஆயில் பார் உட்காரும் இடத்தில் இருக்கும் துளை வழியாக வெளியே வந்து, பாரின் துளைக்குள் நுழைந்து, காடியில், அதாவது பாரின் விளிம்பு நெடுக ஓடும் பள்ளத்தில் இறங்கும். காடிக்குள் ஓடும் செயினின் அடிப்பல்தான் அதை நுனிவரை இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு பாதையும் உண்டு. டேங்கில் ஆயில் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். அதற்கென்று ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பலரும் மறப்பது இதைத்தான்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

மிஷினோடு வந்த டி ஸ்பேனர் (58 சிசி மிஷின்களில் ஒரு பக்கம் 13, மறுபக்கம் 19 இருக்கும்), திருப்புளி, மெல்லிய எஃகுக் கம்பி, உடைந்த ஹேக்ஸா பிளேடு துண்டு, பழைய டூத் பிரஷ், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப், அரை லிட்டர் டீசல், ஓர் ஆள் நீளத்துக்குச் பிசிறு இல்லாத வழவழப்பான நைலான் கயிறு, பழைய வேட்டித்துணி, வெளிர் நிறத்தில் ஒரு அட்டை. காலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும்.

கழற்றுவதை வரிசையாக வைக்க ஒரு தட்டும் வேண்டும். மண் தரையில் வைத்தால் வாசர் ஒன்று காணாமல் போகும், கியருக்குள் செம்மண்ணும் ஏறும்.

எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு தடவையும் இன்ஜினை நிறுத்தி பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள், ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் மாட்டுங்கள். கையுறை கட்டாயம். நிறுத்தி வைத்த செயினும் வெட்டும்.

3. உண்மையிலேயே ஆயில் குறைவா?

முதலில் இதை உறுதி செய்யுங்கள். மொன்னைச் செயினும், அளவுக்கு மீறி இறுக்கிய செயினும் ஆயில் இல்லாதது போலவே சூடாகும், புகையும்.

மரத்தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூர் இருந்தால் சீவல் சீவலாக விழும். மொன்னையானால் மாவு மாதிரி வரும். காய்ந்த கருவை கூரைச் சீக்கிரம் தின்றுவிடும், அதுவும் அடிமரத்தில் மண் ஒட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். மாவு விழுந்தால் அரம் போட்டுவிட்டு அப்புறம் ஆயிலைப் பாருங்கள்.

செயின் சரியாக இருக்கிறதா? மிஷினை ஓட்டி, பாரின் நுனி அட்டையிலிருந்து ஒரு சாண் அளவு, அதாவது 20 செ.மீ. தள்ளி இருக்கும்படி பிடியுங்கள். நுனி எதிலும் படக்கூடாது. முக்கால் திராட்டிலில் (ஆக்சிலேட்டர்) ஒரு நிமிடம். அட்டையில் எண்ணெய்க் கோடு ஒன்று தெளிவாக விழுந்தால் ஆயில் வருகிறது என்று அர்த்தம். ஒன்றும் விழவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் கிட்டத்தட்டத் தீர்ந்திருக்க வேண்டும். 58 சிசி மிஷினில் பெட்ரோல் சுமார் அரை லிட்டர், ஆயில் சுமார் கால் லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் பாதிக்கு மேல் நிற்கிறது என்றால் கோளாறு இருக்கிறது.

4. டேங்கில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?

மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுங்கள். கறுப்பாக, தண்ணீர் மாதிரி ஒழுகினால் அது பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயில். அதில் இன்ஜின் தேய்ந்த இரும்புப் பொடி இருக்கும். அந்தப் பொடிதான் பம்பை உள்ளிருந்து அரைக்கும். காசு மிச்சம் என்று ஊற்றுகிறார்கள். அந்த மிச்சம் ஒரு பம்ப் விலைக்குக் காணாது. தோலில் படுவதற்கும் அது நல்லதில்லை.

இழுத்தால் நூல் மாதிரி வந்து, விளிம்பில் பிசின் போல ஒட்டினால் அது பலகாரம் சுட்ட எண்ணெய். அடுப்படியில் மீந்த எண்ணெயை ஊற்றுகிறவர்கள் நம் பக்கம் உண்டு. ஓடும்போது நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் மூலையில் கிடந்தால் பில்டரிலும் பம்பிலும் பசையாகக் காய்ந்துவிடும்.

செயினுக்கென்று விற்கும் ஆயில்தான் சரி. அதில் ஒட்டும் தன்மை சேர்த்திருப்பார்கள், செயின் வேகமாக ஓடும்போது தெறித்துப் போகாது. அது கிடைக்காத நாளில் புதிய 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலோ 30 நம்பர் ஆயிலோ ஊற்றலாம். அதற்கு மேல் கெட்டியாகப் போகவேண்டாம், பழைய பம்ப் இழுக்கத் திணறும்.

5. காற்றுத் துவாரம்

தொடங்கியதும் ஆயில் வருகிறது, பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து மூடினால் மறுபடி வருகிறது. இப்படி நடந்தால் டேங்குக்குள் காற்று போகவில்லை. உள்ளே வெற்றிடம் சேர்ந்து ஆயிலைப் பிடித்துக்கொள்கிறது.

ஆயில் நின்ற உடனே இன்ஜினை நிறுத்தி மூடியை மெல்லத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

துவாரம் மூடியிலும் இருக்கலாம், டேங்கின் சுவரில் பொத்தான் அளவு வால்வாகவும் இருக்கலாம். அதைச் சுற்றி அப்பிய தூளைப் பிரஷால் துடைத்து, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். உள்ளே ஒரு வழியாக மட்டும் காற்று விடும் மெல்லிய ரப்பர் இருக்கும், அது கிழிந்தால் இரவெல்லாம் ஆயில் ஒழுகும்.

6. பாரின் துளையும் காடியும்

கோளாறு அதிகம் கிடைப்பது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள்.

கவரைக் கழற்றும் முன் செயின் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். சில மிஷினில் பிரேக் பட்டை கவருக்குள்ளேயே இருக்கும். பிரேக் போட்ட நிலையில் கழற்றினால் பட்டை இறுகியே நிற்கும், திரும்ப மாட்டும்போது டிரம் (செயினைச் சுற்றும் கிளட்ச் கிண்ணம்) மேல் உட்காராது. புதிதாக வருகிறவர்கள் அரை நாளை இதில்தான் தொலைக்கிறார்கள்.

கவருக்குள் அடைத்திருக்கும் தூளை எல்லாம் வழித்துப் போடுங்கள். பாரையும் செயினையும் எடுத்த பிறகு, பாரின் பின்பக்கத்தில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சின்னத் துளைகள் தெரியும். மாட்டியிருக்கும்போது அதில் ஒன்று மட்டும்தான் ஆயிலை வாங்கும். பாரைத் திருப்பிப் போட்டால் மற்றது வேலை செய்யும்.

"நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சுண்ணே, பாரைத் திருப்பிப் போட்டேன், நின்னுபோச்சு" என்று வருகிறவர்களுக்கு விடை இதுதான். இத்தனை நாள் சும்மா இருந்த துளையில் தூள் இறுகியிருக்கும். திருப்பும்போது இரண்டு துளைகளையும் கம்பியால் குத்திவிடுங்கள்.

அடுத்து காடி. ஹேக்ஸா பிளேடு துண்டை விட்டு, பின்பக்கத்திலிருந்து நுனிவரை இழுங்கள். கறுப்புக் களிம்பு சுருள் சுருளாக வரும். வேட்டித்துணியில் துடைத்து, சுத்தமாக வரும்வரை இழுங்கள். பிறகு துளையில் சைக்கிள் பம்பை அழுத்தி ஊதினால் காற்று காடி வழியாக வெளியே வரவேண்டும். வரவில்லை என்றால் உள்ளே இன்னும் அடைப்பு இருக்கிறது.

வேறு கம்பெனி பார் வாங்கிப் போட்டிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். போல்ட்டில் பொருந்திவிடும், ஆனால் ஆயில் துளை நேராக வராது. மிஷினில் ஆயில் வெளிவரும் துளையைச் சுற்றி கொஞ்சம் கிரீஸ் தடவி, பாரை வைத்து அழுத்தி எடுங்கள். கிரீஸ் முத்திரை பாரின் துளை மேல் விழுந்திருக்க வேண்டும். தள்ளி விழுந்தால் எத்தனை பம்ப் மாற்றினாலும் ஆயில் மிஷினுக்குக் கீழேதான் ஒழுகும்.

7. பார் இல்லாமல் ஒரு சோதனை

கோளாறு வெளியிலா உள்ளேயா என்று பிரித்துச் சொல்வது இந்தச் சோதனைதான்.

பாரும் செயினும் கழன்றிருக்கட்டும். டிரம் தன் இடத்தில் லாக்கோடோ (நடுவில் பிடிக்கும் சின்ன வளையம்) கிளட்ச்சோடோ உறுதியாக இருக்கிறதா பாருங்கள். ஆயில் வெளிவரும் துளையைத் துடையுங்கள். பிரேக் விடுவித்த நிலையில்தான் இருக்க வேண்டும். பிளக் தொப்பியை மாட்டுங்கள். கைலியை மடித்துக் கட்டுங்கள், தோளில் துண்டு இருந்தால் எடுத்து வையுங்கள். டிரம் திறந்தபடி சுற்றப்போகிறது.

மிஷினைத் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்து, அரைத் திராட்டிலில் பத்து நொடி மட்டும் ஓட்டுங்கள். பாரமில்லாமல் முழுத் திராட்டில் கொடுத்தால் இன்ஜினுக்குக் கேடு. நிறுத்தி, டிரம் அடங்கிய பிறகு குனிந்து பாருங்கள்.

துளையில் ஆயில் ஊறி வழிந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, திரும்ப 6-ஆம் படிக்கே போங்கள். இரண்டு மூன்று தடவை ஓட்டியும் துளை காய்ந்தே இருந்தால் கோளாறு உள்ளே. பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலே போகலாம்.

8. அளவுத் திருகு

பல மிஷினில் அடியிலோ கிளட்ச் பக்கத்திலோ ஆயிலைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். சின்ன மிஷின்கள் சிலவற்றில் இருக்காது. எந்தப் பக்கம் கூட்டல் என்று பக்கத்திலேயே குறி இருக்கும். கால் திருப்பு திருப்பிச் சோதியுங்கள். ஒன்றும் வராத மிஷினில் இதை மட்டும் திருகிப் பயனில்லை, பலம் போட்டால் உள்ளே முறியும்.

9. டேங்குக்குள்: பில்டரும் குழாயும்

ஆயிலை வடித்துவிட்டு, நுனி வளைத்த கம்பியால் பில்டரை மெல்ல வெளியே இழுங்கள். குழாயைப் பிடித்து இழுக்கவேண்டாம். பழைய ரப்பர் வேரோடு வந்துவிடும்.

பில்டரை டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி ஊதுங்கள். அடியில் குழைவாக வண்டல் இருந்தால் டேங்கில் கொஞ்சம் டீசல் ஊற்றிக் குலுக்கி வடியுங்கள், இரண்டு மூன்று தடவை. பெட்ரோல் ஊற்றாதீர்கள். ரப்பர் குழாய் ஊதிப் பெருத்து, பிறகு காய்ந்து வெடிக்கும். டீசலையும் ஊறப் போட்டுவிட்டுப் போகக்கூடாது, உடனே வடித்துவிட வேண்டும்.

குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். டேங்கின் சுவருக்குள் நுழையும் முழங்கையில்தான் முதலில் வெடிக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது ஆயில் வந்து, பாதியானதும் நின்றால் இந்த வெடிப்பைத்தான் தேடவேண்டும். ஆயில் மட்டம் இறங்கியதும் வெடிப்பு வழியாகக் காற்றை இழுக்கிறது. ஒட்டுப் போட்டு நிற்காது, குழாயையே மாற்றுங்கள்.

10. டிரம், கம்பி, வார்ம் கியர்

இங்கே இரண்டு வகை மிஷின் இருக்கிறது. டிரம் வெளியே தெரிந்து, நடுவில் ஒரு சின்ன லாக் மட்டும் இருந்தால் வேலை சுலபம். லாக்கை எடுத்து, வாசர், டிரம், ஊசி பேரிங் என்று வரிசையாகக் கழற்றித் தட்டில் வையுங்கள். வார்ம் கியர் அதற்குப் பின்னால் இருக்கும்.

கிளட்ச் வெளியே இருந்து டிரம் அதற்குப் பின்னால் இருந்தால் கிளட்சைக் கழற்றியே ஆகவேண்டும். பெரும்பாலான செயின் ஷா கிளட்ச் இடது மரை. வலப்பக்கம், அதாவது கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். ஓட ஓடத் தானே இறுக வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வழக்கம் போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

இன்ஜின் சுற்றாமல் பிடிக்கக் கயிறு வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டன் மேல்நோக்கிப் பாதிக்கு மேல் வந்ததும் நிறுத்துங்கள். நைலான் கயிற்றை பிளக் துளைக்குள் திணித்து, ஒரு முனையை வெளியே விட்டுவையுங்கள். பிஸ்டன் கீழே இருக்கும்போது திணித்தால் கயிறு சைலன்சர் பக்கத் துளைக்குள் போய் மாட்டி நறுக்குப்படும். கிளட்ச் ஷூவில் உளியை வைத்துச் சுத்தியலால் அடிக்கும் பழக்கம் வேண்டாம். ஷூ விண்டுபோகும்.

வார்ம் கியர் வெளியே வந்துவிட்டதா? பல்லைப் பாருங்கள். பிளாஸ்டிக் கியரில் பல் மழுங்கியோ உருகியோ இருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் பல் ஏன் போனது என்று பார்க்காமல் புதுசைப் போடாதீர்கள். பம்ப் இறுகி நின்றால் கியர்தான் முதலில் தேயும். அந்தப் பம்பைச் சரி செய்யாமல் கியரை மட்டும் மாற்றினால், புதுக் கியரும் அன்றைக்கே வழுக்கிவிடும்.

சில மிஷினில் வார்ம் கியரோடு ஒரு வளைந்த கம்பி இருக்கும். அதன் நுனி டிரம்மின் விளிம்பில் இருக்கும் வெட்டில் உட்கார்ந்தால்தான் டிரம் சுற்றும்போது கியரும் சுற்றும். ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மாற்றிய மறுநாள் ஆயில் நின்றுவிட்டது என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கம்பியைத்தான். வெட்டில் விழாமல் பக்கத்தில் சாய்ந்திருக்கும். மாட்டும்போது டிரம்மை லேசாக அழுத்திக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள். நுனி வெட்டுக்குள் விழுவது விரலுக்குத் தெரியும். விழுந்த பிறகு டிரம்மைச் சுற்றினால் கியரின் இழுப்பும் கூடவே வரும்.

ஊசி பேரிங்குக்கு ஒரு பட்டாணி அளவு கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

11. பம்ப்

இத்தனையும் சரியாக இருந்தால்தான் பம்பைத் தொட வேண்டும். இரண்டு மூன்று திருகுகளில் கழன்றுவிடும். சீலோ வளையமோ ஒட்டிக்கொண்டிருந்தால் கிழியாமல் எடுங்கள்.

டீசலில் கழுவி, அதன் சின்னப் பல்சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். உள்ளே இருக்கும் தண்டு சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய்வரும், அதுதான் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் வாங்கும் வாயைக் கிண்ணத்து ஆயிலில் வைத்துச் சுற்றினால் மறுவாயில் சொட்டு சொட்டாக வரவேண்டும். கரகரப்பு இல்லாமல் சுற்றி, சொட்டும் வந்தால் பம்ப் நல்லது. காய்ந்த எண்ணெயில் இறுகியது பல நேரம் கழுவியதிலேயே சரியாகிவிடும். பல் தேய்ந்தோ தண்டில் கீறல் விழுந்தோ இருந்தால் பம்பை மாற்றுங்கள்.

பம்பை மாட்டும் முன் குழாய் வழியையும் பார்த்துவிடுங்கள். டேங்கில் ஆயில் ஊற்றி, டேங்க் வாயில் துணி சுற்றிய சைக்கிள் பம்பை வைத்து மெல்ல ஊதினால் குழாய் முனையில் ஆயில் எட்டிப் பார்க்க வேண்டும்.

12. மாட்டியதும் செய்ய வேண்டியது

கிளட்சைக் கழற்றியிருந்தால் இடப்பக்கம் திருப்பி இறுக்குங்கள். சிலிண்டரிலிருந்து கயிற்றை எடுத்தாயிற்றா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள். முதலில் பார் இல்லாமல் 7-ஆம் படிச் சோதனை. குழாயில் காற்று இருக்கும், அதனால் முதல் பத்து நொடியில் வரவில்லை என்று மறுபடி பிரிக்க உட்காராதீர்கள். நான்கைந்து தடவை விட்டு விட்டு ஓட்டுங்கள்.

ஆயில் வந்ததும் பாரை மாட்டி, செயினைக் கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடும் அளவுக்கு இறுக்கி, அட்டைச் சோதனை. புதுச் செயின் என்றால் முந்தின இரவே ஆயிலில் ஊறப் போட்டிருக்க வேண்டும். ரிவெட்டுக்குள் ஆயில் நன்றாக இறங்க அது உதவும்.

அன்று இரவு மிஷினை அந்த அட்டை மேலேயே வைத்துவிடுங்கள். காலையில் பாருக்கு அடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவு எண்ணெய் இருந்தால் பயப்பட வேண்டாம், காடியில் மிச்சம் இருந்தது வடிந்திருக்கிறது. டேங்கே காலியாகியிருந்தால் காற்று வால்வோ குழாயோ சரியாக உட்காரவில்லை. 5-ஆம் படியையும் 9-ஆம் படியையும் மறுபடி பாருங்கள்.